அமுதின் கணக்கு

காய் நறுக்கும்போது விரலில் படும் வெட்டு ஒரு வாரத்தில் ஆறிவிடுகிறது. களைந்த நகம் மீண்டும் வளர்கிறது. குடலின் உட்பூச்சு சில நாள்களுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகிறது. இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள்களில் ஓய்ந்து, புதியவை அவற்றின் இடத்தை நிரப்புகின்றன. இத்தனை பழுதுகளையும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே சரிசெய்துகொள்ளும் உடல், முதுமை என்ற ஒரு பழுதின் முன்னால் மட்டும் கைகட்டி நிற்பது ஏன்? இக்கேள்வி ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து நூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகிறது; ஆனால் இறந்தவரின் அருகில் அமர்ந்திருந்தவர்கள் அதை மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு, விடை கிடைக்காத நிலையில் தாழி வனைந்தார்கள், பாறை குடைந்தார்கள், பெயர் பொறித்தார்கள். அந்தப் பழைய தேடலும் இன்றைய ஆய்வும் ஒரு நாள் பயணத்துக்குள் அடுத்தடுத்துக் காணக் கிடைக்கும் நிலம் மகாராஷ்டிரத்தின் புனே மாவட்டம்.

புனேக்குக் கிழக்கே, பீமா ஆற்றில் கலக்கும் கோட் ஆற்றின் கரையில் இனாம்காவ் என்ற ஊர் இருக்கிறது. கி.மு. 1600 அளவில் தொடங்கி கி.மு. 700 வரை அங்கே வாழ்ந்த உழவர்களின் குடியிருப்பை, புனே டெக்கான் கல்லூரியின் தொல்லியலாளர்கள் எச். டி. சங்காலியா, எம். கே. தவளிகர் முதலியோர் 1968 முதல் 1983 வரை பல பருவங்களாக அகழ்ந்தனர். கிடைத்த அடக்கங்களில் பெரும்பாலானவை குழந்தைகளுடையவை. சாம்பல் நிறத் தாழிகள் இரண்டை வாயோடு வாய் பொருத்திப் படுக்கைவாக்கில் வைத்து, அவற்றுக்குள் பிள்ளையைக் கிடத்தி, வீட்டின் தரைக்கு அடியிலேயே புதைத்திருக்கிறார்கள். அதன் மேல் சாணம் மெழுகி, அடுப்பு மூட்டி, அதே வீட்டில் தாய் தொடர்ந்து வாழ்ந்திருக்கிறாள். ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளை அறிந்த தமிழருக்கு இது அந்நியமான வழக்காகத் தோன்றாது. பெரியவர்களைத் தலை வடக்கே இருக்கும்படி நீட்டிப் படுக்கவைத்து, அருகில் உணவுக்கும் நீருக்குமான கலங்களை வைத்தவர்கள், அவர்களுடைய பாதங்களைக் கணுக்காலுக்குக் கீழே வெட்டி நீக்கியிருக்கிறார்கள். இறந்தவர் ஆவியாய் எழுந்து நடமாடக்கூடாது என்ற அச்சம் அதற்குக் காரணம் என்பது ஒரு விளக்கம். வீட்டைவிட்டு எங்கும் போய்விடக்கூடாது என்ற ஆசை காரணம் என்பது இன்னொன்று. எந்த விளக்கத்தைக் கொண்டாலும், இறந்தவர் முற்றிலும் இல்லாமல் போய்விட்டார் என்பதை அம்மக்கள் ஏற்கவில்லை என்பது உறுதி, ஏனெனில் இல்லாதவரின் காலைக் கட்டிப்போட வேண்டிய தேவை எவருக்கும் வராது. குடியிருப்பின் நடுவே, தானியக் களஞ்சியத்தோடு கூடிய ஐந்தறை வீட்டின் முற்றத்தில், நான்கு கால்கள் கொண்ட பெரிய மண்கலத்துக்குள் சம்மணமிட்ட நிலையில் ஒருவர் அடக்கப்பட்டிருக்கிறார். ஊரின் தலைவராக இருந்திருக்கக்கூடிய அவருக்கு மட்டும் பாதங்கள் விட்டுவைக்கப்பட்டிருக்கின்றன.

இனாம்காவ் கைவிடப்பட்டுச் சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு, அதே மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் இந்த ஆசை மண்ணிலிருந்து கல்லுக்கு ஏறியது. லோணாவ்ளாவுக்கு அருகிலுள்ள பாஜா குடைவரைகளில் 14 கல் தூபிகள் ஓரிடத்தில் கூடி நிற்கின்றன. அங்கு வாழ்ந்து மறைந்த பிக்குகளின் நினைவாக எழுப்பப்பட்ட அவற்றுள் சிலவற்றில் அவர்களுடைய பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. நிலையாமையையே முதல் பாடமாகக் கொண்ட ஒரு சமயம் தன் துறவிகளின் பெயரை அழியாத கல்லில் எழுதிவைத்ததைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை; அந்த ஆசை எவ்வளவு ஆழமானது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. அடுத்த மலையிலுள்ள கார்லே குடைவரையின் பெருங்கூடத்தில், வைஜயந்தி நகரத்து வணிகர் பூதபாலரும், தேனுகாகடத்திலிருந்து வந்த யவனர்களும் தாங்கள் கொடையளித்த பகுதிகளின் மேல் தத்தம் பெயரை விட்டுச் சென்றிருக்கிறார்கள். ஒரு நாட்டின் பொருளாதார வரலாற்றை எழுத முற்படுவோருக்கு, யார் எந்த ஊரிலிருந்து எந்தத் தொழிலோடு வந்தார்கள் என்பதைச் சொல்ல இப்பெயர்களே இன்று துணை நிற்கின்றன. பழங்காலத்தைப் பற்றி அறியக் கிடைத்தவற்றில் பெரும்பங்கு, சாவை வெல்ல நினைத்தவர்கள் விட்டுச் சென்றதுதான். எகிப்தின் பிரமிடுகளுக்கும் தமிழகத்தின் நடுகற்களுக்கும் இது பொருந்தும்.

புனே நகரையொட்டிய ஆளந்தியில் பக்திக் கவிஞர் ஞானேசுவரர் 1296-இல், இருபதுகளின் தொடக்கத்திலேயே, சஞ்சீவன் சமாதி அடைந்தார் என்பது வாரகரி மரபின் நம்பிக்கை. சித்தர்களின் சீவசமாதியைப் போலவே, அவர் இறக்கவில்லை, நிலத்துக்கடியில் அமர்ந்திருக்கிறார் என்று அடியார்கள் கொள்கிறார்கள். ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசியை முன்னிட்டு அவருடைய பாதுகைகள் பல்லக்கில் ஏறி, இலட்சக்கணக்கான பக்தர்கள் உடன் நடக்க, புனே வழியாகப் பண்டரிபுரம் போய்த் திரும்புகின்றன. ஒரே மாவட்டத்தில் ஒரு காலத்து மக்கள் இறந்தவர் நடந்துவிடாதபடி பாதத்தை நீக்கினார்கள். இன்னொரு காலத்து மக்கள் அமர்ந்துவிட்டவரின் பாதத்தைத் தோளில் சுமந்து நடத்திச் செல்கிறார்கள். செயல்கள் நேர்மாறானவையாக இருந்தும், இரண்டும் வேண்டுவது ஒன்றே: போனவர் அதே ஆளாகத் தம்மோடு இருக்க வேண்டும். அதியமான் தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியை ஒளவைக்குக் கொடுத்ததும் அந்த ஒளவையே நீடிக்க வேண்டும் என்பதற்காகத்தான். அவளைப்போல் வேறொரு புலவர் தோன்றிவிட்டால் போதும் என்று அவன் எண்ணியிருந்தால் கனிக்கு வேலையே இல்லை. சாவாமை என்ற சொல்லுக்குள் ‘அதே ஆள்’ என்ற நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அறிவியல் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டபோது முதலில் இடறியது இந்த நிபந்தனையின் மேல்தான்.

சாவாமைக்கு மிக அருகில் இருப்பதாகச் சொல்லப்படும் விலங்கு ஒன்று புனேயின் அகார்கர் ஆய்வு நிறுவனத்தில் நெடுங்காலமாக வளர்க்கப்பட்டு ஆராயப்பட்டு வருகிறது. அதன் பெயர் ஹைட்ரா. குளத்து நீர்ச்செடிகளின் இலையடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இது சில மில்லிமீட்டர் நீளமே கொண்டது. சிறிய குழாய் போன்ற உடல், ஒருமுனையில் பற்றிக்கொள்ளும் பாதம், மறுமுனையில் வாய், வாயைச் சுற்றி நூல்போன்ற உணர்கொம்புகள், இவ்வளவுதான் அதன் உருவம். 1740-களில் ஆபிரகாம் டிரெம்பிளே இதை இரண்டாக வெட்டிப் பார்த்தபோது இரண்டு துண்டுகளும் முழு ஹைட்ராக்களாக வளர்ந்தன. வெட்டினால் முளைக்கும் தலைகளைக் கொண்ட கிரேக்கப் புராணப் பாம்பின் பெயர் இதற்கு வந்து சேர்ந்தது. இந்தியக் குளங்களில் கிடைக்கும் வகையை முறையாக ஆராய்ந்து அடையாளப்படுத்திய புனே ஆய்வாளர்கள், அதற்கு ‘ஹைட்ரா வல்காரிஸ் இந்த்–புனே’ என்று ஊரின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள், சிதைந்த டி.என்.ஏ. இழையைச் சீர்செய்யும் மரபணுக்கள் இதற்குள் எவ்வாறு அமைந்துள்ளன என்பது அவர்கள் ஆராய்ந்தவற்றுள் ஒன்று.

ஓர் உயிர் சாகாது என்பதை எவ்வாறு அறிவது? எந்த ஆய்வாளரும் முடிவிலிவரை காத்திருந்து பார்க்க முடியாது. ஹைட்ராவும் சாகவே செய்கிறது. மீன் தின்றால் சாகும், குளம் வற்றினால் சாகும். ஆகவே அறிவியலார் சாவாமை என்ற சொல்லை ஒதுக்கிவைத்து, மூப்பின்மை என்ற, அளந்து பார்க்கக்கூடிய பண்பை எடுத்துக்கொண்டார்கள். புனேயின் பழைய தேநீர்க் கடைகளுக்கு ‘அம்ருத்துல்ய’ என்று பெயர், அமுதுக்கு நிகரானது என்று பொருள். அத்தகைய கடையொன்றில் நாள் முழுவதும் கழுவி அடுக்கிப் பரிமாறப்படும் கண்ணாடிக் குவளைகளை நினைத்துப் பார்க்கலாம். நேற்று வாங்கிய குவளை கைதவறினால் உடையும். மூன்று ஆண்டு பழையதும் கைதவறினால்தான் உடையும். பழையது என்பதற்காக அது உடையும் வாய்ப்பு கூடுவதில்லை. அதே கடையின் அடுப்புப் பர்னர் அப்படியல்ல. அது ஒவ்வோர் ஆண்டும் சற்றுத் தேய்கிறது, பழசாகப் பழசாகப் பழுதாகும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகிறது. மனிதர் பர்னர் வகையைச் சேர்ந்தவர்: முப்பது வயதுக்கு மேல், ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இறக்கும் வாய்ப்பு இரட்டிக்கிறது. பெஞ்சமின் காம்பெர்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதவியலார் 1825-இல், காப்பீட்டுக்கான இறப்புப் பட்டியல்களைக் கொண்டே இவ்வகை ஏற்றத்தைக் கண்டுகாட்டினார். ஓர் உயிரினத்தில் வயது ஏறியும் இறப்பு வீதம் ஏறாமல் இருந்தால், அது குவளை வகை. அதற்கு மூப்பு இல்லை.

ஹைட்ராவும் மூப்படையத்தான் வேண்டும் என்று காட்டப் புறப்பட்டவர் டேனியல் மார்ட்டினெஸ். நான்கு ஆண்டுகள் அவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வளர்த்து, ஒவ்வொன்றின் இறப்பையும் குறித்துவந்த அவருக்கு, எதிர்பார்த்த ஏற்றம் வரவே இல்லை என்று 1998-இல் எழுத நேர்ந்தது. தாம் நிறுவ வந்ததற்கு நேர்மாறான முடிவை மறைக்காமல் வெளியிட்டதோடு அவர் நிற்கவில்லை. அது தற்செயலா என்பதைச் சோதிக்க, ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் மக்கள்தொகையியல் நிறுவனத்தாரோடு சேர்ந்து 2,256 ஹைட்ராக்களை எட்டு ஆண்டுகள் பேணிய பெரிய ஆய்விலும் பங்கேற்றார். 2015-இல் வெளியான அதன் முடிவுப்படி, பெரும்பாலான குழுக்களில் ஓராண்டில் இறக்கும் வாய்ப்பு ஆயிரத்துக்கு ஆறு என்ற அளவிலேயே நின்றது. வயதானவற்றுக்கும் அதே ஆறுதான். ஹைட்ரா குடும்பம் முழுவதுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். ஹைட்ரா ஒலிகாக்டிஸ் என்ற இனம், நீர் குளிர்ந்து பாலினப் பெருக்கத்தில் இறங்கியதும் சில மாதங்களில் தளர்ந்து இறந்துவிடுகிறது. ஆகவே மூப்பு எல்லா உயிருக்கும் விதிக்கப்பட்டதென்றோ எல்லா உயிரும் தவிர்க்கக்கூடியதென்றோ பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

ஹைட்ரா இதை எப்படிச் சாதிக்கிறது என்பதில்தான் ‘அதே ஆள்’ என்ற பழைய நிபந்தனை குறுக்கிடுகிறது. அதன் உடலின் நடுப்பகுதி பெரும்பாலும், வெவ்வேறு வகைச் செல்களாக மாறக் காத்திருக்கும் மூலச் செல்களாலும் ஓயாமல் பிரியும் செல்களாலும் ஆனது. புதிய செல்கள் பிறக்கப் பிறக்க, பழையவை மேலே உணர்கொம்பின் நுனிக்கும் கீழே பாதத்துக்கும் தள்ளப்பட்டு உதிர்கின்றன. ஏறத்தாழ மூன்று வாரங்களில் உடல் பெரும்பாலும் வேறாகிவிடுகிறது. நரம்புச் செல்களுக்கும் விலக்கில்லை. நீரோடையின் வடிவம் நிலைத்திருக்க, நீர் ஓடிக்கொண்டிருப்பதைப் போன்றது அது. ஹைட்ராவிடம் தேய்மானம் தங்குவதில்லை, ஏனெனில் தேய்வதற்கு எதுவும் தங்குவதில்லை.

மனிதரிடம் தங்குவது உண்டு என்பது எப்படித் தெரியும்? 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால், காற்றிலிருந்த கார்பன்–14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறத்தாழ இருமடங்கானது; 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாகக் குறைந்தது. காற்றிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து உடலுக்கும் வரும் கார்பன், ஒரு செல் பிறக்கும் வேளையில் அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடுகிறது, அதன்பின் அந்தச் செல் பிரியாவிட்டால் அந்தப் பதிவும் மாறுவதில்லை. நாணயத்தில் அச்சிட்ட ஆண்டைப்போல இதைப் படிக்கலாம் என்று கண்ட ஸ்டாக்ஹோமின் யோனாஸ் ஃபிரிசேன் குழுவினர், இறந்தவர்களின் மூளைப் புறணியிலிருந்து எடுத்த நரம்புச் செல்களை ஆராய்ந்தபோது, அவற்றின் வயது ஆளின் வயதேயாக இருந்தது. பேரழிவுக்காகச் செய்த சோதனையின் எச்சம் ஒவ்வோர் உடலுக்குள்ளும் நாள்காட்டியாக மாறியிருந்ததை எண்ணினால் நெஞ்சம் கனக்கிறது. தாய்மொழியும், அம்மாவின் முகமும், கற்ற தொழிலும் இத்தகைய செல்களின் இணைப்புகளில்தான் தங்கியிருக்கின்றன. அவற்றை மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றி இளமையோடு வாழலாம் என்று ஒருவருக்கு வரம் கிடைத்தால், வரத்தைப் பெற்றவர் விரைவிலேயே வேறொருவராகிவிடுவார். இனாம்காவ் தாயோ அதியமானோ கேட்டது அந்த வரமாக இருக்க முடியாது.

மூளை தவிர்ந்த மற்ற உறுப்புகளிலாவது முடிவில்லாமல் புதுப்பித்துக்கொள்ள முடியாதா என்பது அடுத்த கேள்வி. முடியும் என்றுதான் அரை நூற்றாண்டு நம்பினார்கள். நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் காரல் 1912-இல் கோழிக்கரு இதயத்திலிருந்து எடுத்து வளர்க்கத் தொடங்கிய செல்கள், அவர் இறந்த பின்னும் உயிரோடிருந்து 1946 வரை நீடித்ததாகச் சொல்லப்பட்டது. மற்றவர்கள் அதையே செய்தபோது செல்கள் ஒரு கட்டத்தில் நின்றன. தங்கள் கைப்பக்குவம் போதவில்லை என்று அவர்கள் தங்களையே நொந்துகொண்டார்கள். பிலடெல்பியாவின் லெனார்ட் ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் இருவரும் 1961-இல் இதைத் தீர்க்க எளிமையும் அழகும் கூடிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். பலமுறை இரட்டித்து ஓயும் தறுவாயில் இருந்த ஆண் செல்களையும், சிலமுறையே இரட்டித்த பெண் செல்களையும் ஒரே குடுவையில் கலந்து வளர்த்தார்கள். ஆண், பெண் என்பது குரோமோசோமைப் பார்த்தாலே தெரிந்துவிடும். குறை ஊட்டத்திலோ கைப்பக்குவத்திலோ இருந்தால் இரண்டும் சேர்ந்தே சாக வேண்டும். ஆனால் ஆண் செல்கள் மறைய, பெண் செல்கள் மட்டும் செழித்திருந்தன. ஓய்வதற்கான கணக்கு செல்லுக்குள்ளேயே இருக்கிறது என்பது இதனால் தெளிந்தது. சாதாரண மனிதச் செல் ஏறத்தாழ 50 முறை இரட்டித்ததும் நின்றுவிடுகிறது. நடுவில் உறையவைத்துப் பல ஆண்டுகள் கழித்து எடுத்தாலும், விட்ட எண்ணிலிருந்தே தொடர்கிறது. காரலின் குடுவையில், அன்றாடம் ஊற்றிய கருச்சாற்றோடு புதிய செல்களும் சேர்ந்து போயிருக்க வேண்டும் என்பதே இன்று பொதுவாக ஏற்கப்படும் விளக்கம்.

எண்ணும் கருவி எது? கைத்தறியில் எவ்வளவு தேர்ந்த நெசவாளரானாலும் பாவின் கடைசி முழத்தை நெய்ய முடியாது. தறியோடு பிணைந்திருக்கும் அந்த நுனி நெய்யப்படாமலே எஞ்சும். செல் பிரியும்போது டி.என்.ஏ. இழையைப் படியெடுக்கும் நொதிக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. இழையின் கடைநுனி ஒவ்வொரு முறையும் சற்றுப் படியெடுக்கப்படாமல் போகிறது. மாஸ்கோவின் அலெக்சி ஒலோவ்னிகோவ் 1971-இல் இதைக் கருத்தளவில் முன்வைத்தார். குரோமோசோமின் நுனியில் பொருளுள்ள செய்தி எதுவும் வைக்கப்படாமல், மனிதரில் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்தே ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருப்பது இந்த இழப்பைத் தாங்கத்தான். டெலோமியர் எனப்படும் இப்பகுதியைத் தமிழில் நுனிக்காப்பு எனலாம். எலிசபெத் பிளாக்பர்ன் இதன் எழுத்துவரிசையைக் குளத்து ஒருசெல் உயிரொன்றில் கண்டறிந்தார். அவருடைய மாணவி கேரல் கிரைடர், தேய்ந்த நுனியை மீண்டும் நீட்டும் டெலோமரேஸ் நொதியின் தடயத்தை 1984 கிறிஸ்துமஸ் நாளன்று கண்டார். ஜாக் சோஸ்டாக்குடன் சேர்ந்து இருவரும் 2009-இல் நோபல் பரிசு பெற்றனர். கருவில் வேலை செய்யும் இந்த நொதி, வளர்ந்த உடலின் பெரும்பாலான செல்களில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. 1998-இல் அதைச் சாதாரண மனிதச் செல்லில் செயல்படவைத்தபோது அச்செல் தன் எல்லையைத் தாண்டிப் பிரிந்துகொண்டே போனது. அமுதக் கலசம் உடலுக்குள்ளேயே இருக்க, உடல் அதை மூடி வைத்திருப்பதன் காரணத்தை அறிய, புனேயின் இன்னொரு நிறுவனத்துக்குள் போக வேண்டும்.

கணேஷ்கிண்டில் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள தேசிய செல் அறிவியல் மையம், நாடெங்கும் உள்ள ஆய்வகங்களுக்குச் செல் வழிகளை வழங்கும் வங்கியாகவும் செயல்படுகிறது. வம்சவழி என்பதைப் போல, ஒரே செல்லிலிருந்தோ திசுவிலிருந்தோ வழிவழியாகப் பிரிந்து வருவதைச் செல் வழி என்கிறோம். இத்தகைய செல்கள் 37 டிகிரி வெப்பத்தில், தட்டையான பிளாஸ்டிக் குடுவைகளில், இளஞ்சிவப்பு வளர்ப்பு நீர்மத்தின் அடியில் படர்ந்திருக்கும். வெறும் கண்ணுக்கு அவை தெரிவதில்லை, ஆனால் தின்று பெருகிக் கழிவால் நீர்மம் புளிக்கும்போது சிவப்பு மஞ்சளாக மாறி, உள்ளே உயிர் இருப்பதை அறிவிக்கும். உடனே தேவைப்படாதவற்றைச் சிறு குப்பிகளில் அடைத்து, மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனில் உறங்கவைப்பார்கள். அங்கிருந்து வழங்கப்படும் செல் வழிகளில் ஒன்று ஹீலா.

ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண், கருப்பைவாய்ப் புற்றுநோயோடு 1951-இல் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்தார். கட்டியிலிருந்து அவருடைய இசைவு கேட்காமலே எடுக்கப்பட்ட துண்டு, ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வகத்தில் ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறை இரட்டித்தது, நிற்கவே இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று 31 வயதில் ஹென்ரியட்டா இறந்தார். செல்கள் போலியோ தடுப்பூசிச் சோதனைக்குப் போயின, உலகமெங்கும் போயின. அவருடைய பிள்ளைகளுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேல் அது தெரியாது. சொந்த ஊர் மண்ணில் அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் 2010 வரை இல்லை. பாஜாவின் பிக்குகளுக்குக் கல்லில் பெயர் கிடைத்தது, உடல் போனது. இவருக்கு உடலின் ஒரு துணுக்கு நிலைத்தது, பெயரோ ஹீலா என்று முதலெழுத்துகளாகச் சுருங்கி, சில காலம் வேறு பெயராகவும் திரிந்தது. இந்த அநீதியைச் சொல்லாமல் ஹீலாவின் அறிவியலை மட்டும் சொல்வது முறையாகாது. அச்செல்கள் ஹென்ரியட்டாவும் அல்ல. 46 குரோமோசோம்களுக்குப் பதிலாக 76 முதல் 80 வரை கொண்டு, எந்த உறுப்பின் கட்டளைக்கும் செவிசாய்க்காமல், பெருகுவது ஒன்றையே செய்பவை. புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது அளவில் டெலோமரேஸ் நொதி விழித்திருக்கிறது. செல்லுக்கு வைத்த எண்ணிக்கை, உடலைக் காக்கும் பூட்டு.

ஹென்ரியட்டாவின் செல்லில் பூட்டு எப்படித் திறந்தது என்பதும் ஹீலாவிடமிருந்தே தெரிந்தது. ஜெர்மனியின் ஹரால்டு சூர் ஹவுசன் குழுவினர் 1980-களில் அச்செல்களின் டி.என்.ஏ.வுக்குள், மனிதப் பாப்பிலோமா வைரஸின் 18-ஆம் வகை தன் மரபணுக்களைச் செருகியிருந்ததைக் கண்டனர். அவற்றிலிருந்து பிறக்கும் இரண்டு புரதங்கள், பிரிவதை நிறுத்து என்று செல்லுக்குக் கட்டளையிடும் காவல் புரதங்களைச் செயலிழக்கவைத்து, டெலோமரேஸையும் எழுப்பிவிடுகின்றன. இவ்வைரஸ் கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்ற கண்டுபிடிப்புக்கு சூர் ஹவுசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். 2020-க்கான உலக மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் ஒன்றேகால் இலட்சம் அளவில் பெண்கள் இந்நோய்க்கு ஆளாகி, 77,000 பேர் அளவில் இறந்தார்கள். புனேயின் சீரம் நிறுவனம் உருவாக்கி, 2022-இல் ஒப்புதல் பெற்ற செர்வாவாக் தடுப்பூசி, இந்த வைரஸின் நான்கு வகைகளுக்கு எதிரானது. 18-ஆம் வகை அவற்றுள் ஒன்று. மரபணு எதுவும் இல்லாத வெறும் வெளியுறைப் புரதத்தை மட்டும் உடலுக்கு முன்கூட்டியே காட்டிவைப்பதால், உண்மையான வைரஸ் வரும்போது எதிர்ப்பொருள்கள் அதைச் செல்லுக்குள் நுழையவிடாமல் மறித்துவிடுகின்றன. 9 முதல் 14 வயது வரையுள்ள சிறுமிக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள் போதும். அதன்பின் 18-ஆம் வகை வைரஸ் வந்தாலும் பூட்டைத் தொட அதற்கு வழியிராது. அச்சிறுமியின் செல்கள் தம் எண்ணிக்கைப்படி பிரிந்து, தம் எண்ணிக்கைப்படி ஓயும்.